சராசரி கைவிடும் இடம்: மழையும் மருத்துவச் செலவும் சொல்லித் தரும் கணக்கு

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டு வந்தபோது, "கணக்கு வாத்தியார் நீங்கள், எல்லோருக்கும் புரிகிற மாதிரி ஏதாவது எழுதுங்களேன்" என்றார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் கல்லூரியில் கணிதமும் புள்ளியியலும் சொல்லிக் கொடுத்தவன் நான். சரியாகப் போட்ட கணக்குகளைப் பற்றி எழுதினால் யாரும் படிக்கப் போவதில்லை. அதனால், தெரிந்திருந்தும் நான் தப்பாகப் போட்ட ஒரு கணக்கைப் பற்றி எழுதுகிறேன். நம் குடும்பங்களில் யாருக்காவது அது பயன்பட்டால் சந்தோஷம்.

எங்கள் கட்டடம் மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிளுக்குப் பக்கம். நாற்பது குடும்பங்கள் சேர்ந்து 2010-இல் ஒரு மருத்துவ உதவி நிதி ஆரம்பித்தோம். மாதம் எவ்வளவு போட வேண்டும் என்று கணக்குப் பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வீடு வீடாகப் போய் முந்தைய ஆண்டுகளின் ஆஸ்பத்திரி பில்களைக் கேட்டு எழுதினேன். குடும்பத்துக்கு வருஷம் சராசரி 4,000 ரூபாய் வந்தது. நாற்பது குடும்பத்துக்கு 1,60,000. பாதுகாப்புக்காகப் பாதிக்குப் பாதி கூடுதலாக வைத்து, குடும்பத்துக்கு மாதம் 500 ரூபாய், வருஷத்துக்கு மொத்தம் 2,40,000 வசூல் என்று தீர்மானித்தேன். "யாருக்கு என்ன செலவு வந்தாலும் நிதி முழுசாகக் கொடுக்கும், பயப்பட வேண்டாம்" என்று கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னவனும் நான்தான்.

ஐந்து வருஷம் அமோகமாக நடந்தது. கையிருப்பு நாலு லட்சத்தைத் தொட்டது. ஆறாவது வருஷம், 2015-இல், மூன்றாவது மாடியில் ஒருவருக்கு இருதய ஆபரேஷன். அதற்கு மேல் கிருமித் தொற்று, நாற்பது நாள் ஐ.சி.யு. பில் 7,20,000 ரூபாய். மற்ற முப்பத்தொன்பது குடும்பங்களுக்கும் சேர்த்து அந்த வருஷச் செலவு 1,40,000-தான். கையிருப்பும் வசூலும் எல்லாம் துடைத்துக் கொடுத்த பிறகும் 2,20,000 ரூபாய் குறைந்தது. அந்த வீட்டு மாமி வளையலையும் சங்கிலியையும் விற்றுக் கட்டினார். என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை.

நான் எடுத்த சராசரியில் பிழை இல்லை. கூட்டல் பெருக்கலிலும் பிழை இல்லை. ஆனால் மருத்துவச் செலவு எந்த ஜாதி எண் என்று பார்க்காமல் விட்டேன். அது என்ன ஜாதி என்பதுதான் இந்தக் கட்டுரை.

2005 ஜூலை 26

வெட்கத்தை விட்டுச் சொன்னால், இந்தப் பாடத்தை எனக்கு அதற்குப் பத்து வருஷம் முன்பே மும்பை மழை நடத்தியிருந்தது. 2005 ஜூலை 26 இங்கே இருந்தவர்கள் யாருக்கும் மறக்காது. அந்தேரியில் விடைத்தாள் திருத்தப் போயிருந்த நான் மறுநாள் மத்தியானம்தான் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வீடு வந்து சேர்ந்தேன். 27-ஆம் தேதி காலை 8.30 வரையிலான இருபத்து நாலு மணி நேரத்தில் சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் பதிவான மழை 944 மில்லிமீட்டர். ஜூலை மாதம் முழுவதற்குமான சராசரியை விட அதிகம். அதே நேரத்தில் தெற்கே கொலாபாவில் சுமார் 74 மி.மீ.தான். கொலாபாவில் இருந்த என் சொந்தக்காரர், "இங்கே சாதாரண மழைதானே, நீங்கள் ஏன் இவ்வளவு பதறுகிறீர்கள்?" என்று பிறகு கேட்டார். மும்பையில் மட்டும் நானூறு பேருக்கு மேல் உயிரிழந்தார்கள்.

பிரிட்டிஷ் காலத்து மழைநீர்க் கால்வாய்கள் மணிக்கு 25 மி.மீ. மழைக்காக அமைக்கப்பட்டவை. அன்றைக்குச் சாந்தாகுரூஸில் ஒரு மணி நேரத்தில் 190 மி.மீ. வரை கொட்டியது. காந்தி மார்க்கெட், கிங்ஸ் சர்க்கிள் பக்கம் சாதாரண மழைக்கே தண்ணீர் நிற்கும் என்பது நமக்கெல்லாம் பழகிய விஷயம். அன்று நடந்தது அந்தப் பழக்கத்துக்குள் அடங்கவில்லை.

இது எவ்வளவு அபூர்வம்? ஒரு பேச்சுக்கு மழைநாள் வருஷத்துக்கு 80, ஒரு மழைநாளின் சராசரி மழை 30 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நான் வகுப்பில் நடத்திய அடுக்குக்குறிப் பரவலின்படி, அதாவது எக்ஸ்பொனென்ஷியல் கணக்குப்படி, 944 மி.மீ.க்கு மேல் பெய்வது ஏறக்குறைய 58,000 கோடி வருஷத்துக்கு ஒரு தடவை நடக்க வேண்டும். இந்தப் பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி வருஷம்தான்! ஆக, மழை தப்பா, கணக்கு தப்பா?

இன்னொரு விதமாகப் போடலாம். 70 மி.மீ. வரை பழைய கணக்கே இருக்கட்டும். இரண்டு கணக்கிலும் பத்து மழைநாளில் ஒரு நாள் 70-ஐத் தாண்டும். 70-க்கு மேலே மட்டும் விதியை மாற்றுகிறேன்: அளவு இரட்டிக்கும் போதெல்லாம், அதைத் தாண்டும் வாய்ப்பு எட்டில் ஒரு பங்காகட்டும். இத்தாலியப் பொருளாதார அறிஞர் வில்ஃப்ரெடோ பரேட்டோ 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வருமானங்களை ஆராய்ந்து கண்ட விதியின் சாயல் இது. இப்போது 944 மி.மீ. ஏறக்குறைய 300 வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறது. இது விளக்கத்துக்காக நான் போட்ட கணக்கு. வானிலைத் துறையின் மதிப்பீடு அல்ல. ஆனால் கவனியுங்கள்: அன்றாட மழைக்கு இரண்டு கணக்கும் ஒரே மாதிரி பேசுகின்றன. கடைக்கோடிக்குப் போனால் ஒன்று 300 வருஷம் என்கிறது, மற்றது 58,000 கோடி வருஷம் என்கிறது. அந்தக் கடைக்கோடியைத்தான் புள்ளியியலில் பரவலின் 'வால்' என்கிறோம். தலையையும் உடம்பையும் பார்த்து வாலைச் சொல்ல முடியாது.

உலகெங்கும் 15,000-க்கு மேற்பட்ட மழைமானிகளின் தினசரிப் பதிவுகளை எடுத்து வால்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2013-இல் வெளிவந்தது. பெரும்பான்மையான இடங்களில் எக்ஸ்பொனென்ஷியலை விடத் தடித்த வால்தான் பொருந்துகிறது என்பது அதன் முடிவு.

ஒரு லட்சத்தை எப்படிப் பிரிப்பது?

இரண்டு பேரின் உயரத்தைக் கூட்டினால் பன்னிரண்டரை அடி வருகிறது என்று ஒருவர் சொல்கிறார். உங்கள் மனசில் என்ன தோன்றும்? இரண்டு பேருமே ஆறே கால் அடி ஆசாமிகள் என்றுதான். ஒருவர் ஏழடி, மற்றவர் ஐந்தரை அடி என்று முதலில் நினைக்க மாட்டீர்கள். உயரம் இயல்நிலைப் பரவலைச் சேர்ந்தது. அங்கே கூட்டுத்தொகை பெரிதானால், இரண்டு பேரும் சமமாகப் பங்கு போட்டிருப்பார்கள்.

இப்போது இரண்டு குடும்பங்களின் மருத்துவச் செலவு சேர்ந்து ஒரு லட்சம் என்று கேள்விப்படுகிறீர்கள். ஆளுக்கு ஐம்பதாயிரமா? அனுபவம் உள்ள எந்த வீட்டுப் பெரியவரும் அப்படிச் சொல்ல மாட்டார். ஒரு வீட்டில் ஆபரேஷன், இன்னொரு வீட்டில் ஜுரம் இருமல் என்பார். மேலே சொன்ன எட்டில்-ஒரு-பங்கு விதியின்படி, செலவு குறைந்தபட்சம் ஆயிரம் ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 99 ஆயிரமும் 1 ஆயிரமுமாகப் பிரிவதற்கான வாய்ப்பு, 50-50 ஆகப் பிரிவதைப் போல ஏறக்குறைய நாலு லட்சம் மடங்கு!

இந்த இரண்டுக்கும் நடுவில் எல்லைக்கல் போல நிற்பது எக்ஸ்பொனென்ஷியல். அதில் 50-50, 70-30, 99-1 எல்லாப் பிரிவினைக்கும் ஒரே வாய்ப்பு. எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் சமபங்கு; இந்தப் பக்கம் ஒருவரே சுமக்கும் உலகம். இந்தப் பக்கத்தில் இருக்கும் பரவல்களுக்குச் 'சப்-எக்ஸ்பொனென்ஷியல்' என்று பெயர். 'சப்' என்றால் கீழ், ஆகவே சின்ன ஆபத்து என்று நினைத்துவிடக் கூடாது. எந்த எக்ஸ்பொனென்ஷியலை எடுத்துக்கொண்டாலும் அதைவிட மெதுவாகத் தேய்கிற வால் என்று அர்த்தம். மெதுவாகத் தேய்வதால்தான் அது தடித்த வால்.

இதற்குச் சரியான இலக்கணம் எழுதியவர் ருஷ்யக் கணிதர் சிஸ்தியகோவ், 1964-இல். ஒரு பெரிய எல்லையை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய செலவு மட்டும் அந்த எல்லையைத் தாண்டும் வாய்ப்பு ஒரு பங்கு என்றால், இரண்டு பேரின் கூட்டுச் செலவு தாண்டும் வாய்ப்பு எத்தனை பங்கு? எல்லையைத் தூரத் தூரத் தள்ளிக்கொண்டே போகும்போது அந்த விகிதம் சரியாக இரண்டை நோக்கி வந்தால், அது சப்-எக்ஸ்பொனென்ஷியல். எக்ஸ்பொனென்ஷியலில் இப்படி வராது. எல்லை சராசரியைப் போல் பத்து மடங்கானால் விகிதம் 11, இருபது மடங்கானால் 21 என்று ஏறிக்கொண்டே போகும்.

இரண்டில் என்ன விசேஷம்? "இரண்டு பேரில் யாராவது ஒருவர் தனியாகவே எல்லையைத் தாண்டுவார்" என்பதற்கான வாய்ப்பும் அதே இரண்டு பங்குதான். ஆக, கூட்டுத்தொகை தாண்டுவதும், பெரியது ஒன்று தாண்டுவதும் கடைக்கோடியில் ஒரே நிகழ்ச்சி ஆகிவிடுகின்றன. நாற்பது குடும்பம் என்றால் நாற்பது பங்கு. அப்போதும் காரணம் ஒரே குடும்பம். இதை 'ஒற்றைப் பெரும் பாய்ச்சல்' தத்துவம் என்பார்கள். எங்கள் நிதியில் 2015-இல் மொத்தச் செலவு 8,60,000. அதில் 7,20,000 ஒரே வீடு. சிஸ்தியகோவ் சொன்னதை எங்கள் மூன்றாவது மாடி நிரூபித்துக் காட்டியது.

நம் நாட்டிலிருந்து போன கே. பி. அத்ரேயா, பீட்டர் நெய் என்பவருடன் சேர்ந்து 1972-இல் எழுதிய கிளைத்தல் செயல்முறைகள் பற்றிய நூலிலும் இந்த வகைப் பரவல்களுக்கு இடம் உண்டு. இன்றும் ஆராய்ச்சி மாணவர்கள் புரட்டுகிற புத்தகம் அது.

வரதன் அவர்களின் உலகமும் இந்த உலகமும்

நிகழ்தகவு என்றதும் தமிழர்கள் நினைத்துப் பெருமைப்பட வேண்டிய பெயர் எஸ். ஆர். சீனிவாச வரதன். 1940-இல் சென்னையில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் படித்து, கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சி. ஆர். ராவ் வழிகாட்டுதலில் முனைவர் பட்டம் பெற்று, நியூயார்க் கூரண்ட் கழகத்துக்குப் போனவர். 'பெரும் விலகல்கள்' என்னும் கோட்பாட்டை ஒருங்கிணைத்ததற்காக 2007-இல் கணிதத்தின் உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஏபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஸ்வீடனின் ஹாரால்ட் கிராமர் 1938-இல் தொடங்கிய வேலையை வெகுதூரம் எடுத்துச் சென்றது அது.

அபூர்வமான ஒன்று நடந்தே தீருமானால், இருக்கிற வழிகளில் எது அதிகம் சாத்தியமோ அந்த வழியில்தான் நடக்கும். இதுதான் அந்தக் கோட்பாட்டின் உயிர். மெல்லிய வால் உள்ள எண்களில் மொத்தம் எக்கச்சக்கமாக ஏறினால், எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்திருப்பார்கள். ஊரே கூடித் தேர் இழுத்த மாதிரி. தடித்த வாலில் அதே கேள்விக்குப் பதில் மாறிவிடுகிறது. அங்கே சுலபமான வழி, ஒரே ஒரு ஆள் தேரை இழுத்துக்கொண்டு ஓடுவதுதான்.

அதனால் எச்சரிக்கை மணியும் இரண்டு உலகத்திலும் வேறு. முதல் உலகத்தில் வசூலை விடச் செலவு மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவது கணக்குப் புத்தகத்தில் தெரியும், சுதாரித்துக்கொள்ளலாம். இரண்டாவது உலகத்தில் முந்தின மாதம் வரை புத்தகம் அழகாக இருக்கும். எங்கள் நிதி ஐந்து வருஷம் நன்றாக நடந்ததை நான் பாதுகாப்புக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டேன். அது அத்தாட்சியே இல்லை.

இன்னொன்றும் உண்டு. "இத்தனை பெய்தாச்சு, இனிமேல் விட்டுவிடும்" என்று நாம் சொல்கிறோம். 30 மி.மீ. சராசரி உள்ள எக்ஸ்பொனென்ஷியலில் ஒரு நாள் மழை 200-ஐத் தாண்டிவிட்டது என்று தெரிந்தால், மேற்கொண்டு எதிர்பார்க்க வேண்டியது அதே 30-தான். நான் சொன்ன பரேட்டோ விதியிலோ, 200-ஐத் தாண்டியிருந்தால் மேற்கொண்டு சராசரி 100. 400-ஐத் தாண்டியிருந்தால் மேற்கொண்டு 200. ஐ.சி.யு. பில்லும் இதே ஜாதிதான். மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டால், முடியப் போகிறது என்று நினைக்கக் கூடாது. இன்னும் நிறைய வர இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பணத்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

கையிருப்பை இரட்டித்தால் போதாதா?

எங்கள் கூட்டத்தில் எழுந்த கேள்வி இது. இன்ஷூரன்ஸ் கணிதத்தில் இதற்கு வயது நூறுக்கு மேல். ஸ்வீடனில் ஃபிலிப் லுண்ட்பெர்க் 1903-இல் தம் ஆய்வேட்டில் தொடங்கியதை, கிராமர் பிறகு செப்பனிட்டார். மெல்லிய வாலானால், ஒரு நிதி திவாலாகும் வாய்ப்பு நூறில் ஒன்று இருக்கும்போது கையிருப்பை இரட்டித்தால், வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிடும். தடித்த வாலுக்கான விடையை எம்ப்ரெக்ட்ஸ், வெராவர்பெக்கே என்ற இருவர் 1982-இல் பொதுவாக நிறுவினார்கள். அதன்படி நம் பரேட்டோ உதாரணத்தில் கையிருப்பை இரட்டித்தால் நூறில் ஒன்று, நானூறில் ஒன்றாகத்தான் ஆகும். மாதம் 500 போடுகிற குடும்பங்களிடம் ஆயிரம் வாங்கினாலும் கிடைப்பது அவ்வளவுதான்.

சரி, வழி என்ன? பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனிகளே இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. "இந்த எல்லை வரை நான் கொடுக்கிறேன், அதற்கு மேலே போனால் மேல்பாகம் உன்னுடையது" என்று இன்னொரு பெரிய நிறுவனத்திடம் ஒப்பந்தம் போட்டுவிடுகின்றன. இதற்கு மறுகாப்பீடு என்று பெயர். 1972-இல் உருவாகி, 2000-இல் நாட்டின் மறுகாப்பீட்டு நிறுவனமாக ஆன ஜி.ஐ.சி.யின் தலைமையகம் நம் மும்பையில்தான் இருக்கிறது.

எங்கள் கட்டடத்தில் அதையே சின்ன அளவில் செய்தோம். 2016 முதல் நிதி ஒரு குடும்பத்துக்கு வருஷம் ஒரு லட்சம் வரைதான் கொடுக்கும். அதற்கு மேற்பட்டதற்கு எல்லோரும் சேர்ந்து ஒரு குழு மெடிக்ளெய்ம் பாலிசி எடுத்துக்கொண்டோம். வசூலில் ஒரு பகுதி அதன் பிரீமியத்துக்குப் போகிறது. "முழுசாகக் கொடுக்கும்" என்ற வாக்கை நான் எழுந்து நின்று வாபஸ் வாங்கினேன். மேல்பாகத்தை வெட்டிவிட்டால் வால் போய்விடுகிறது. எந்த வீடும் தனியாக நிதியைக் காலி செய்ய முடியாது. அதற்குப் பிறகுதான் சராசரி என்ற சொல்லுக்கு அர்த்தமே வருகிறது. அந்த மாமியின் 2,20,000 ரூபாயையும் நிதியிலிருந்து நாலு வருஷத்தில் திருப்பிக் கொடுத்தோம். வளையல் திரும்பவில்லை, அந்த விலைக்குப் பிறகு தங்கம் கிடைக்கவில்லை.

இந்தக் கணக்கு சொல்லாதவை

இரண்டு விஷயங்களில் எச்சரிக்கை வேண்டும். முதலாவது, இது கடைக்கோடியைப் பற்றிய விதி. எல்லை வெகுதூரம் போனால்தான் விகிதம் இரண்டை நெருங்கும். சாதாரண வருஷங்களில் பல சின்னச் செலவுகள் சேர்ந்துதான் மொத்தம் ஆகிறது. அங்கே சராசரி தன் வேலையை ஒழுங்காகச் செய்யும். வீட்டு மளிகைக்குப் பரேட்டோ வேண்டாம்.

இரண்டாவது, ஒருவர் செலவுக்கும் மற்றவர் செலவுக்கும் சம்பந்தம் இல்லை என்று இந்த விதி எடுத்துக்கொள்கிறது. ஜூலை 26 போல் தெரு முழுவதும் ஒரே நேரத்தில் மூழ்கினால், அல்லது 2020-இல் போல் ஒரு தொற்றுநோய் எல்லா வீட்டுக்குள்ளும் நுழைந்தால், பாய்ச்சல் ஒரு வீட்டினுடையது அல்ல, தெருவினுடையது. அதற்கு ஒரே தெருவில் உள்ளவர்கள் மட்டும் சேர்ந்த நிதி உதவாது. வேறு வேறு ஊர்க்காரர்கள் சேர வேண்டும்.

ஊர் என்றதும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். தாராவியிலும் செம்பூரிலும் உள்ள நம்மவர்களில் பலருக்குத் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம்தான் பூர்வீகம். "ஊரில் வீடு இருக்கிறது, அங்கே மும்பை மாதிரி வெள்ளம் எல்லாம் வராது, வறண்ட பூமி" என்று அவர்கள் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். 2023 டிசம்பர் 18 காலை வரையிலான இருபத்து நாலு மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் பதிவான மழை 95 சென்டிமீட்டர். சாந்தாகுரூஸின் 944 மில்லிமீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற சராசரி மழையை விட அது அதிகம். வருஷ சராசரி குறைவு என்பது வாலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

நம் சங்கத்திலும், கட்டடங்களிலும், மாதர் குழுக்களிலும் இப்படிப்பட்ட உதவி நிதிகள் எத்தனையோ இருக்கின்றன. நல்ல மனசோடு நடத்துகிறோம். அடுத்த பொதுக்கூட்டத்தில் வரவு செலவு வாசித்து முடித்ததும் யாராவது எழுந்து, "ஒரே ஒரு வீட்டுக்குப் பத்து லட்சம் செலவு வந்தால் இந்த நிதி என்ன செய்யும்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். 2010-இல் எங்கள் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான்.